பாதி நொடி முந்திச் சிரித்தவர்

1

இந்தக் கதை எனக்குத் திரையரங்கில் கிடைத்தது. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ரவுடி நகைச்சுவைப் படம் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பெயர், ஊர், மகள், மருமகன் எல்லாம் என் கைச்சரக்கு.

இங்கே தமிழ்ப் படம் பார்த்திராதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திரைக்குக் கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். நடிகர் வாயைத் திறப்பதற்குள் எழுத்து வந்துவிடும். படிப்பவர்கள் பாதி நொடி முந்திச் சிரிப்பார்கள், கேட்பவர்கள் அப்புறம் சிரிப்பார்கள். ஒரே நகைச்சுவைக்கு எங்கள் ஊரில் இரண்டு சிரிப்பு.

2

முதல் தொடக்கம்: 'லிட்டில் இந்தியாவின் மல்லிகை மணம் மாலைக் காற்றில் மிதந்து வர' (வேண்டாம். அந்த மல்லிகையை ஏற்கெனவே நிறைய பேர் தொடுத்துவிட்டார்கள்.)

இரண்டாவது: 'சிலுவைராஜ் தன் மனைவியை ஏமாற்றத் தொடங்கியது' (இதுவும் வேண்டாம். மனுஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.)

சரி, நேராகவே வருகிறேன்.

3

சிலுவைராஜின் மனைவி ரோசம்மாவுக்குப் படம் பிடிக்கவில்லை. அடித்துக்கொள்ள வந்த இரண்டு ரவுடிக் கும்பல்கள், தெரியாமல் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து பந்தி பரிமாறுகிற கதை. நாற்காலி பறக்கிறது, அண்டா உருள்கிறது, ஒரே இரைச்சல். பக்கத்தில் சிலுவைராஜ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவள்* அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் முந்திச் சிரித்தார். எழுத்தைப் படிக்கிற பின்வரிசைப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தார்.

தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ் படிக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "காது எதுக்கு இருக்கு?" என்று மகள் டானியலாவையே கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவருடைய கண் இப்போது திரையின் அடிப்பகுதியை விட்டு நகரவே இல்லை.

அப்புறம் அந்தப் பாயசக் காட்சி வந்தது. பெரிய ரவுடி வாளியோடு திரும்பி நின்று தனக்குள் முனகுகிறான். மொழிபெயர்த்தவர் அசந்துவிட்டார்போல, கீழே எழுத்து வரவில்லை. கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. சிலுவைராஜ் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசி ஆளாகச் சிரித்து வைத்தார்.

ரோசம்மா அவருடைய காதைப் பார்த்தாள். கோயில் பாடற்குழுவில் யார் சுதி விலகினாலும் கண்டுபிடிக்கிற காது அது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியை நடத்தித்தரச் சொல்லி ஃபாதர் கேட்டும், "பாக்கலாம்" என்று சிலுவைராஜ் ஏன் தட்டிக்கழிக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

* அவரை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் எழுதுவதற்கு என்னைத் திட்டாதீர்கள். ரோசம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வதால் அப்படித்தான் வருகிறது.

4

(இங்கே கதைக்குள் டாக்டர் ஒருவர் வந்தார், காதைப் பற்றி நிறைய விளக்கினார். அவரை அனுப்பிவிட்டேன்.)

5

படம் முடிந்து, கூட வந்திருந்த மகள், மருமகனோடு நாலு பேரும் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தார்கள். டானியலா ஆரம்பித்தாள்.

"சீரியஸ்லி பா, பொண்ணுக்கு மொத்தமே மூணு லைன்தான். அவ கல்யாணம், அவளுக்கே டயலாக் இல்ல."

"ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே லா," என்றான் மருமகன் மார்வின். "செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் டிராகி, ஒரே இழுவை."

"உங்களுக்கெல்லாம் ரசனையே இல்ல," என்றார் சிலுவைராஜ். "வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

"எனக்குத் தலைதான் வலிச்சுது," என்றாள் ரோசம்மா.

(இந்த உரையாடலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு நால்வரோடும் உடன்பாடு உண்டு.)

அப்போது டானியலா, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல், அப்பாவின் கையைத் தொட்டுக் கேட்டாள். "அந்தப் பாயசம் சீன்ல என்னப்பா சொன்னான்? எனக்குச் சரியா கேக்கல, சப்டைட்டிலும் வரல. நீங்க அப்படியே செஞ்சு காட்டுவீங்களே, செய்ங்க பா."

சிலுவைராஜ் தே தாரிக் தேநீர்க் கோப்பையை எடுத்தார். குடித்தார். இன்னும் குடித்தார்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவரை மாட்டிவிட்டால் கதை சூடாக இருக்கும். ஆனால் ரோசம்மா என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர் ஜாடியை வாளியாகப் பிடித்து, இடுப்பில் கை வைத்து, குரலைக் கட்டையாக்கினாள்.

"ஊரே என்னைப் பாத்து நடுங்குச்சுடா. இப்ப ஒருத்தன் முந்திரி விழலன்னு திட்டுறான்!"

மார்வினுக்குப் புரையேறியது. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிலுவைராஜும் சிரித்தார். மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த முறை எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

"படம் பிடிக்கலன்னீங்க?" என்றாள் டானியலா.

"பிடிக்கலதான்," என்றாள் ரோசம்மா. ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

6

பிள்ளைகள் கிளமெண்டிக்குக் கிளம்பினார்கள். இவர்கள் இருவரும் பிடோக் பக்கம் போகிற ரயிலில் ஏறினார்கள். சுரங்கத்தில் ரயில் இரைந்தது. ரோசம்மா அவர் பக்கம் சாய்ந்து, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"என்னங்க, உங்களுக்குக் காது சரியா கேக்கலன்னு எனக்குத் தெரியும். மறைக்க வேணாம். நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம், நான் கூட வர்றேன்."

சிலுவைராஜ் தலையாட்டினார். "ஆமாமா," என்றார். "படம் நல்லாத்தான் இருந்துச்சு."

காதில் விழாமல் சொன்னாரா, விழுந்ததனால் சொன்னாரா? எழுதியவனுக்காவது தெரிய வேண்டும் என்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் அழுதார், இன்னொன்றில் கோபித்துக்கொண்டார். இரண்டிலும் நான்தான் பேசினேன், அவர் பேசவில்லை. கிழித்துப் போட்டேன்.

ரோசம்மா செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் எழுந்து எதிர் இருக்கையில், அவர் முகத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். அவர் கண் தன் வாய்க்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு அதே வார்த்தைகளை, ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் உதட்டால் மட்டும் சொன்னாள்.

அவர் கடைசி வார்த்தைவரை பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், அவர் முகத்தைப் பார்த்து எழுதுங்கள்.