டேமரிஸ் சிரித்த ஓய்வுநாள்

சால்ட்மார்ஷ் ஊரில், ஜெபத்துக்குச் சபை கூடியிருக்கும்போது சிரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் தனியாக எழுதி வைக்கவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. மூன்று மணி நேரப் பிரசங்கம், சாய்மானமில்லாத பலகை, கணப்பு மூட்டாத மண்டபம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் நம்பியிருந்தது. பீப்பாய் செய்யும் ஜேபஸ் ஹாலெட்டின் மனைவி டேமரிஸ் அந்த நம்பிக்கையைக் கெடுத்தாள்.

அங்கே வேதப் புத்தகத்துச் சங்கீதங்களைப் பாட வாத்தியம் கிடையாது. மூப்பர் எல்கானா எழுந்து நின்று அடியெடுத்துக் கொடுப்பார், சபை அவர் பின்னால் போகும். பதினாறு வருடமாக அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். சில வாரம் பாட்டு கிணற்றுக்குள் இறங்கிவிடும், சில வாரம் கூரையில் ஏறிக்கொள்ளும். எங்கே போனாலும் கூடவே போகச் சபை பழகியிருந்தது. அக்டோபர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளில் மூப்பர் தொடங்கியதே கூரைக்கு மேலே. இரண்டாவது அடியில் ஆண்கள் பக்கம் கழன்றுகொண்டது. மூன்றாவது அடியில் பெண்களும் கைவிட்டார்கள். நான்காவது அடிக்குத் தன்னந்தனியாக உச்சியில் நின்ற மூப்பர், கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, வெளியே புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆண் வாத்து, அவர் விட்ட இடத்தைப் பிடித்து அந்த அடியை நிதானமாக முடித்து வைத்தது.

எல்லோரும் குனிந்து காலணியைப் பார்த்தார்கள். டேமரிஸும் பார்த்தாள். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்தாள். மனசை அடக்க, செத்துப்போன மாமியாரை நினைத்துப் பார்த்தாள். மாமியாருக்கும் ஏறக்குறைய அந்தக் குரல்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றும் இல்லை. தொப்பியின் நாடா அவிழும் அளவுக்குச் சிரித்தாள்.

நிமிர்ந்தபோது மூப்பர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திறந்த வாயை மூட மறந்திருந்தார். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

திங்கட்கிழமை போதகர் வீலாக்கின் வீட்டுக்கு அவளை வரச் சொன்னார்கள். மூப்பர் எல்கானா மேசைக்கு அந்தப் பக்கம் நேராக உட்கார்ந்திருந்தார்.

"வாத்து யாரோடது?"

"எங்களோடதுதாங்க, மூப்பரய்யா."

"நீ பழக்கி விட்டியா?"

"பட்டிக்குள்ள போன்னு சொன்னாலே அது கேக்காதுங்க. பாட்டு எங்க சொல்லிக் குடுக்கறது."

போதகருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். பிறகு, வருகிற ஓய்வுநாளில் அவள் சபைக்கு முன்னால் முக்காலியின் மேல் நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

"பாவம் செஞ்சேன், மன்னிச்சிருங்கன்னு முணுமுணுத்துட்டு இறங்கக் கூடாது" என்றார் மூப்பர். "எப்ப சிரிச்சே, எதுக்குச் சிரிச்சே, ஒண்ணு விடாம சொல்லணும்."

"ஒண்ணு விடாமலா?" போதகர் தயங்கினார். "மூப்பரே, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"ஒண்ணு விடாம."

அந்த வாரம் ஊரில் யாரும் டேமரிஸிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊற்றடியில் பெண்கள் வாளியை நிரப்பிக்கொண்டு விலகிப் போனார்கள். அடுத்த வீட்டு ஹெப்ஸிபா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஏண்டி, நீயாவது சிரிச்சுத் தொலைச்சே, வெளிய போயிருச்சு. நான் அடக்கினது இன்னும் உள்ளயே கெடக்கு. மூணு நாளா விலா வலிக்குது."

டேமரிஸுக்கு வாசிக்கத் தெரியும், எழுத வராது. அறிக்கையை ஜேபஸ்தான் எழுதினான்.

"வாத்து கத்தினபோதுன்னு போடவா?"

"கத்தலைங்க, பாடிச்சு. பொய் சொன்னா அதுக்கும் சேர்த்து நிக்க வெப்பாங்க."

அவன் எழுதினான். இறகுப்பேனாவைத் திரும்ப மையில் தோய்த்தான்.

"நீங்க மட்டும் அன்னிக்கு எப்படிங்க சிரிக்காம இருந்தீங்க?"

"பல்லைக் கடிச்சு உடைச்சுக்கிட்டேன்" என்று ஜேபஸ் வாயைத் திறந்து கடைவாயைக் காட்டினான். உண்மையிலேயே ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அவள் அதற்கும் சிரிக்கவில்லை. முக்காலியை நினைத்தால் பயமாக இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிட மூப்பரின் அந்தத் திறந்த வாய்தான் அவளை விடாமல் தொந்தரவு செய்தது. போன குளிர்காலத்தில் ஜேபஸ் காய்ச்சலில் கிடந்தபோது, தினமும் அவர்கள் வீட்டுக்கு விறகு சுமந்து வந்து போட்டது மூப்பர் எல்கானாதான். வாசலில் இறக்கிவிட்டு, நன்றி சொல்லக்கூட நிற்காமல் போய்விடுவார்.

ஓய்வுநாளன்று மண்டபத்தில் ஓர் இடம் காலியில்லை. நடக்க முடியாதவர்கள்கூடக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்கள். டேமரிஸ் முக்காலியில் ஏறித் தாளை விரித்து, கல்லறையில் வாசிப்பதுபோல வாசித்தாள்.

"முதல் அடி மிகவும் உயரமாக எடுக்கப்பட்டது. சபையார் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான்காம் அடியில் மூப்பரும் நின்றுவிட்டார். எங்கள் வீட்டு வாத்து நிற்கவில்லை."

பெண்கள் பக்கமிருந்து கொதிக்கும் கெண்டியின் மூடி ஆடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது ஹெப்ஸிபா. போதகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அதில் எதையோ ஆராய்ந்தார். டேமரிஸ் கடைசி வரி வரைக்கும் குரல் பிசகாமல் வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"எழுதாதது ஒண்ணு இருக்குங்க" என்றாள். "வாத்துக்குச் சிரிச்சேன். உங்க முகத்தைப் பாத்ததும் சிரிப்பு செத்துப் போச்சு, மூப்பரய்யா. உங்களை நோகடிச்சதுக்குத்தான் எனக்கு வெக்கம்."

மூப்பர் எல்கானா எழுந்தார். சபைக்கு எப்போதும் கேட்கும் குரலில் அல்ல, மெதுவாகக் கேட்டார்.

"வாத்தோட சுருதி சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுங்க."

"நான் எடுத்தது?"

அவள் நின்றுகொண்டிருப்பது பாவ அறிக்கைக்கு. அங்கே நின்று பொய் சொல்ல முடியாது.

"இல்லைங்க."

"எவ்வளவு நாளா?"

டேமரிஸ் புருஷனைப் பார்த்தாள். அவன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாறு வருஷமாங்க."

மூப்பரின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் மனுஷர் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடத்துச் சிரிப்பு அது, சுலபத்தில் நிற்கவில்லை. பிறகு யாருக்காக அடக்குவது? ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், மேல்மாடம் என்று மண்டபம் முழுவதும் உடைந்தது. ஹெப்ஸிபாவை இரண்டு பேர் பிடித்து வெளியே காற்றோட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்டனை சொன்னார். சிரித்தவர்கள் எல்லோருக்கும் வியாழக்கிழமை உபவாசம். சொல்லிவிட்டு, "என்னையும் சேர்த்து" என்றார்.

அடுத்த வாரம் மூப்பரே வந்து சபைக்கு முன்னால் நின்றார். தன் குரலைப் பற்றித் தனக்கு வெகுநாளாகச் சந்தேகம் இருந்ததாகவும், கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரையும் கேட்கவில்லை என்றும், அது பெருமை என்கிற பாவம் என்றும் சொன்னார். அடியெடுத்துக் கொடுக்கும் வேலையை ஜேபஸிடம் ஒப்படைத்துவிட்டு, ஆண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

ஜேபஸ் எடுத்த சங்கீதம் கிணற்றுக்கும் போகவில்லை, கூரைக்கும் போகவில்லை. சபையே கடைசி வரை வந்து சேர்ந்தது. கூட்டம் கலைந்து வீட்டுக்கு நடக்கும்போது மூப்பர் வேகமாக வந்து அவர்கள் இருவரோடும் சேர்ந்துகொண்டார்.

"நல்லாத்தான் எடுக்கறப்பா" என்றார் ஜேபஸிடம். "அடுத்த வாரம் கொஞ்சம் மேல எடு."

"எவ்வளவு மேலங்க, மூப்பரய்யா?"

மூப்பர் கையைத் தன் தொப்பி வரைக்கும் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் டேமரிஸ் குனிந்து காலணியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவர் அவளை ஒருதரம் ஓரக்கண்ணால் பார்த்தார். கையை மெல்ல நெஞ்சு வரைக்கும் இறக்கினார்.

"இவ்வளவு போதும்" என்றார்.