யார் எழுதிய வரி

மதியம் இரண்டு மணிக்கு மேனேஜரின் செய்தி வந்தது. பரிசோதனைக்கு வைத்திருந்த லிஃப்ட்டின் கதவு ஐந்து விநாடி திறந்திருக்க வேண்டியது, இரண்டே விநாடியில் மூடி ஒருவரின் தோளில் இடித்துவிட்டதாம். பெரிய அடி இல்லை. ஆனால் ஐந்தை இரண்டாக்கியது யார் என்று கம்ப்யூட்டர் பதிவில் பார்த்தால், லேபில் தற்காலிகமாக இருக்கும் மெக்கானிக்கின் பெயர் நிற்கிறது. அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று நாலு மணிக்கு முடிவு செய்யும்போது இதையும் பேசிவிடலாம் என்று எழுதியிருந்தார்.

மெக்கானிக்கோடு லேபில் லிஃப்ட்டுக்குப் புரோகிராம் எழுதும் அவள், செய்தியை மறுபடி படித்தாள். ஐந்தை இரண்டாக்கியது அவள்.

லேபில் லிஃப்ட்டை இயக்கும் போர்டோடு ஒயர் கோத்த கம்ப்யூட்டர் ஒன்றுதான். அங்கே வேலை பார்க்கும் ஐந்து பேருக்கும் ஒரே லாகின். எந்த வரியை யார் மாற்றினார் என்று குறித்துவைக்கும் மென்பொருள், ஆளின் பெயரை கான்ஃபிக் என்ற ஒரு அமைப்பு ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் அவள் ஆளுக்கொரு ஃபைல் செய்து, அவரவர் பெயரையே அதற்கு வைத்து, எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் அடுக்கியிருந்தாள். வந்து உட்காருகிறவர் தன் ஃபைலை நடப்பு ஃபைலின் மேல் காப்பி செய்ய வேண்டும். மறந்தால், முன்னால் இருந்தவர் கணக்கில் வேலை ஏறிவிடும். ஆளுக்கொரு லாகின் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னபோது, தன் ஏற்பாடே போதும், வீணாக நேரம் போகும் என்று தடுத்தவளும் அவள்தான். மறக்காதீர்கள் என்று மானிட்டரில் சீட்டு ஒட்டியவளும் அவள்தான்.

திங்கட்கிழமை மெக்கானிக் எழுந்த நாற்காலியில் சூடு ஆறுவதற்குள், ஃபைலை மாற்றாமலே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து விநாடி காத்திருக்கப் பொறுமையில்லை. இரண்டாக்கிக்கொண்டாள், பிறகு திருப்பிவிடலாம் என்று. மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. எழுந்த அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து லிஃப்ட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மெக்கானிக் அவளைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். பதினெட்டு வருஷம் லிஃப்ட் குழிகளுக்குள் வேலை பார்த்து, முழங்கால் போன பிறகு கம்ப்யூட்டர் கோடு எழுதக் கற்றுக்கொண்டு வந்தவர். இந்த வேலையும் போனால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவரைத் தேடிப் போனாள். அவர் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ரெண்டு செகண்டு..."

"பாத்தேம்மா. கதவு இடிச்சு நான் வாங்காத அடியா? கதவுக்கும் எனக்கும் மாமன் மச்சான் உறவு. இப்ப ஊரையே இடிக்கவிட்டுட்டேன்."

"நீங்க மாத்தின ஞாபகம் இருக்கா?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். ஒரு சொட்டு வடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. ஆனா என் பேரு இருக்கேம்மா. மிஷினா பொய் சொல்லும்? எனக்குத்தான் புத்தி மங்குது போல. வீட்ல இன்னும் சொல்லல."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மேனேஜரிடம் எப்படி மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று சொல்லிக்காட்டினார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

நாலு மணிக்கு அவர் மேனேஜரின் அறைக் கதவைத் திறந்தபோது, கூப்பிடாமலே அவளும் பின்னால் நுழைந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டாள்: ஃபைலை மாற்ற மறந்தது, இரண்டாக்கியது, போன், எல்லாம்.

மேனேஜர் நம்பவில்லை. அண்ணே அண்ணே என்று பழகிய பாசத்தில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டார். ஆதாரம் கேட்டார். அவளிடம் இல்லை, ஆள் மாறினால் அடையாளமே தெரியாதபடிதான் அவள் ஏற்பாடு அமைந்திருந்தது. திங்கட்கிழமை இருவருமே லேபில் இருந்தார்கள். மேனேஜர் திரையில் அந்த வருஷத்துப் பதிவுகளை மேலும் கீழும் உருட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீ சொல்றது நிஜம்னா, இதுல எது யாரோடது?"

மேனேஜர் திரையை அணைத்தார். இந்தப் பதிவை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, பாராட்டவும் முடியாது என்றார். மெக்கானிக்கை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். நாளை முதல் ஆளுக்கொரு லாகின். பழைய பதிவுகளை ஐந்து பேரிடமும் கேட்டு, வரி வரியாகச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு.

வெளியே வந்ததும் மெக்கானிக் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினாள்.

"மத்தியானமே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "ரெண்டு மணி நேரம் என்னை நானே நம்பல."

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார்.

அவள் லேபுக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தாள். ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள். முதல் பதிவு அவள் பெயரில் இருந்தது: மாடி எண்ணைக் காட்டும் விளக்கைப் பற்றி நாலு வரி. நாலையும் இரண்டு தடவை படித்தாள். எழுதியது தான்தானா என்று அவளுக்கு நினைவில்லை.