சனிக்கிழமைக் கால்

ஆறு நிமிஷம். நடந்தே ஆறு நிமிஷம்தான். ஓடினால் மூன்று. குட்டியின் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் அங்கே என் மேஜைக்குக் கேட்கும்.

மேனேஜரின் அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் இதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரத்தைப் பார்த்து அளந்த தூரம் அது. அக்கா வீட்டுக் கேட்டிலிருந்து, கம்பெனிக்கு அந்த ஊரில் இருக்கும் கிளையின் கேட் வரைக்கும். முதல் தடவை குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது பதினோரு நிமிஷம் ஆனது. முந்தின நாள் மழை விட்டுப்போன ஒரு குட்டையைக்கூட மகள் மிச்சம் வைக்காமல் தாண்டிக்கொண்டு வந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு மறுபடி தனியாக நடந்து பார்த்தாள். ஆறு. இரண்டாவது எண்ணைத்தான் மனசு எடுத்து வைத்துக்கொண்டது.

எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுக்கு வேலை. அவர்கள் கம்பெனியின் கார் மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். வீட்டில் சார்ஜ் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் வரை சத்தமில்லாமல் போகும். அது தீர்ந்ததும் எஞ்சின் கண் விழிக்கும். ஓட்டுகிறவர்களின் கண் என்னவோ திரையில் இருக்கும் ஒரே ஒரு எண்ணின் மேல்தான்: இருப்பதை வைத்து இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம். அதை யாரும் அளந்து சொல்வதில்லை, ஊகித்துத்தான் சொல்ல முடியும் என்பது ஊருக்குத் தெரியாது. டேங்கில் மிதக்கும் மிதவை ஒன்று சொல்லும், பேட்டரி ஒன்று சொல்லும், கடைசி ஐம்பது கிலோமீட்டரில் ஓட்டுகிறவரின் கால் எப்படி அழுத்தியது என்பது இன்னொன்று சொல்லும். மூன்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரு எண்ணாக்கித் தருகிற நாலு பேரில் அவள் ஒருத்தி. மிச்சத்தைக் கணக்குப் பண்ணுகிறவள் என்பதால் பட்டறையில் அவளுக்கு ‘மிச்சக்கா’ என்று பேர். வைத்தது கேன்காரர். வாரநாட்களில் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் வட்டப்பாதையில் வண்டி பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வரைக்கும் அவள் ஓட்டுவாள். நின்ற இடத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அவர்.

சனிக்கிழமைகளில் சோதனை வண்டியை வெளியூருக்கு எடுத்துப்போக அனுமதி உண்டு, சாலைக் கணக்கும் வேண்டுமல்லவா. அந்தப் பட்டியலில் அவள் பேர் இல்லாத வாரமே கிடையாது. இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி அக்கா வீட்டில் குட்டி இருந்தாள். கணவர் தனக்கென்று வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. கம்பெனிக் குடியிருப்பைச் சுற்றிப் பள்ளிக்கூடம் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. “உனக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்டி” என்று அக்கா சொன்னாள். வழி பிறப்பதாகக் காணோம். குட்டிக்கு மட்டும் நாலு வயது ஆறாகிவிட்டது.

ஊர் எல்லைக்குப் போனதும் தீருகிற மாதிரி பெட்ரோலை அளந்து ஊற்றிக்கொண்டு, டிக்கியில் ஒரு கேனையும் போட்டுக்கொண்டு கிளம்புவாள். திங்கட்கிழமை வண்டியின் பதிவுகளைக் கணினியில் இறக்கினால், கால் மிதித்ததெல்லாம் ஒரு கோடாக ஏறி இறங்கும். கேன்காரர் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அவர் கேட்டார்:

“மிச்சக்கா, இந்த வண்டிய ரெண்டு பேரு ஓட்டுறீங்களா?”

“நான் ஒருத்திதான். ஏன்?”

“கோட்டப் பாருங்க. சனிக்கிழமை ஒரு கால், ஞாயித்துக்கிழமை வேற கால். போறப்ப அந்த மிதி மிதிக்கிறீங்க. வர்றப்ப வண்டி ‘போலாமா, வேணாமா’ன்னு யோசிச்சு யோசிச்சு வருது.”

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, யாரோ தன் டைரியைப் பிரித்துச் சுவரில் ஒட்டிவிட்ட மாதிரி. சனிக்கிழமை பத்து கிலோமீட்டர் போனால் திரையில் பதினைந்து குறையும். ஞாயிறு மாலை திரும்பும்போதோ போகப் போக எண் ஏறும். எவ்வளவு பொறுமையான பெண் என்று கார் அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும். அது பொறுமை இல்லை, போய்ச் சேர மனசில்லாமை என்பதைக் காருக்கு எப்படிச் சொல்லித் தருவது? அதற்கு மிதவை கிடையாது.

குட்டி பாதி வழியில் போன் பண்ணுவாள்.

“அம்மா, இன்னும் எவ்ளோ?”

“இருபதுதான் செல்லம்.”

அறுபது இருக்கும். குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொல்வதாகத்தான் முதலில் நினைத்திருந்தாள். பிறகு புரிந்தது, அந்த இருபது தேவைப்பட்டது அவளுக்கே. வாயால் சொல்லிவிட்டால் நாற்பது கிலோமீட்டர் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது.

“இருபதுன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து எறங்குறே” என்று அக்கா பிடித்துக்கொண்டாள். “அவ செருப்ப மாட்டிக்கிட்டு கேட்டப் பிடிச்சிட்டே நிக்கிறா. சாப்பிடக் கூப்ட்டா வர்றதில்ல. நீ கார் விடுறியா, கதை விடுறியா?”

போன மாதம் குட்டி தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். “நீ சொல்ற நம்பர் வேணாம்மா. நிஜ நம்பர் சொல்லு.” அவளும் சரி என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். அதன்பிறகு தொண்ணூறு என்றால் தொண்ணூறு, முப்பது என்றால் முப்பது. குட்டி முப்பதுக்குக் குளித்து, பதினைந்துக்குச் சாப்பிட்டு, ஐந்துக்குச் செருப்பு மாட்டக் கற்றுக்கொண்டாள். கேட்டில் நிற்கிற நேரம் குறைந்தது.

அதே மாதத்தில்தான் கம்பெனியில் புதுக் கணக்கு வந்தது. அதுவரை திரையில் பூஜ்யம் என்று வந்த பிறகும் நாற்பது கிலோமீட்டருக்கான பெட்ரோல் டேங்கில் ஒளிந்திருக்கும், அவசரத்துக்கு. விற்பனைப் பிரிவு அதில் முப்பதை வெளியே எடுத்து எண்ணோடு சேர்க்கச் சொன்னது. எதிராளியின் கார் முழு டேங்குக்கு எழுநூற்று ஐம்பது காட்டுகிறதாம், நம்முடையது எழுநூற்று இருபத்தைந்தில் நிற்கிறதாம். அவள் மென்று முழுங்கிக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள். சோதனை வண்டிகளில் புதுக் கணக்கை ஏற்றினார்கள். மொத்தம் நாற்பத்தொரு ஓட்டம். முப்பத்தெட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்றில் மட்டும் திரையில் எண் மிச்சமிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிட்டது. மூன்றுமே சனிக்கிழமை, மூன்றுமே அவள் ஓட்டியது, அக்கா ஊருக்கு முன்னால் வரும் அந்த ஏற்றத்தில். முதல் இரண்டு தடவை கேன் இருந்தது. ஊற்றிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது, போன சனிக்கிழமை. கிளம்புகிற அவசரத்தில் கேனை ஏற்ற மறந்துவிட்டாள். ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. திரையைப் பார்த்தாள். பதினான்கு. வீட்டுக்கு ஒன்பது. என் கணக்குத்தானே, என்னையா ஏமாற்றப்போகிறது என்று பங்க்கைத் தாண்டினாள். மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது.

“நிஜ நம்பரா?”

“நிஜ நம்பர். வீட்டுக்கு ஒம்பது. வண்டியில பதினாலு இருக்கு.”

“அப்ப அஞ்சு மிச்சம்!” கழித்தல் அந்த வாரம்தான் பாடம் ஆகியிருந்தது. “நான் கேட்டுக்குப் போறேன்.”

ஏற்றத்தில் பெட்ரோல் டேங்கின் ஒரு பக்கமாகச் சரிந்தது, மிதவை பொய்யாக மேலே நின்றது. எஞ்சின் இரண்டு தடவை குலுங்கியது. பேட்டரியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மின்சாரத்தில் கார் ஒரு கிலோமீட்டர் ஊர்ந்து, பூட்டிய டயர் கடை ஒன்றின் முன்னால் நின்றது. திரையில் அப்போதும் ஆறு.

மழைக்கு ஒரு வண்டியும் நிற்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டாள். “குட்டிய உள்ள கூட்டிட்டுப் போக்கா, நேரமாகும்.”

“நீயே சொல்லு. ‘நிஜ நம்பர் சொல்லிட்டாங்க, வந்துடுவாங்க’ன்னு கேட்டுக் கம்பியப் பிடிச்சவ விடமாட்டேங்கிறா. குடைய நான் பிடிச்சிட்டு நிக்கிறேன், வேற என்ன பண்ண?”

போனைக் குட்டியிடம் கொடுக்கச் சொல்லி, நடந்ததைச் சொன்னாள். “சரிம்மா” என்றாள் குட்டி. ஆனால் உள்ளே போகவில்லை. பைக்கில் வந்த யாரோ ஒருவர் மனசிரங்கி பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வந்து கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் போய் இறங்கியபோது மகளின் கை விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. கோபமே இல்லை. தலையைத் துவட்டிவிடும்போது துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“நீ பொய் சொல்லலதானே?”

“இல்லடா.”

“அப்ப கார்தான் சொல்லுச்சா?”

“ம்.”

“காருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

அவள் துவட்டிக்கொண்டே இருந்தாள். முடி எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“வாம்மா, உக்காரு” என்று மேனேஜர் கதவைத் திறந்தார். கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாக அவளுடைய மாற்றல் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மேலிடத்தோடு முட்டி மோதியவர். இன்று முகம் மலர்ந்திருந்தது. மேஜையின் மேல் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் பேர், கிளையின் பேர், அவருடைய கையெழுத்து.

“டைரக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி நீ அங்க. பொண்ணுகிட்ட இன்னைக்கே சொல்லிடு.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று இரண்டு தடவை சொன்னாள்.

“அதுக்கு முன்னாடி இத முடிச்சிடுவோம்.” சோதனைக் கோப்பைத் திறந்தார். “மூணு ஓட்டம் இடிக்குது. மூணும் உன்னோடது. டைரக்டர் மேஜைக்கு இதுவும் அதுவும் ஒண்ணாதான் போகுது. இந்த மூணையும் ‘ஓட்டுநர் தவறு’ன்னு அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுடு.”

“வண்டி நின்னுது சார்.”

“நின்னுச்சும்மா, நான் இல்லேங்கல. ஏன் நின்னுச்சு? இந்தக் கோட்டப் பாரு. எப்படி மிதிச்சிருக்கே! பொண்ணப் பாக்கப் போற அவசரம். தப்பே சொல்லல, நானும் பொண்ணப் பெத்தவன்தான். ஆனா சாதாரணமா யாரும்மா இப்படி ஓட்டுவாங்க? நாம கணக்குப் போடுறது சாதாரண ஆளுங்களுக்கு.”

சாதாரணமாக யார்? அவள் யோசித்துப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம் அந்தச் சாலையில் தன் முன்னாலும் பின்னாலும் ஓடிய வண்டிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். எங்கேயோ யாரோ கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காத வண்டி என்று ஒன்றையும் அவளால் நினைக்க முடியவில்லை.

“பேனா இருக்கா?” அவரே எடுத்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள். மூன்று வரிகள். மூன்று கோடு கிழித்தால் போதும், ஆறு நிமிஷம். காலையில் தலை பின்னிவிடலாம். பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் நிற்கலாம், ஒருநாள் அவள் காத்திருக்க வேண்டாம், நான் காத்திருக்கலாம். ராத்திரி பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம். ‘இன்னும் எவ்ளோ’ என்று அவள் இனிமேல் என்னைக் கேட்கவே தேவையிருக்காது. இந்த ஆசை இன்று நேற்று வந்ததா? இரண்டு வருஷமாகச் சேர்ந்தது. சேர்ந்து சேர்ந்துதான் சனிக்கிழமைதோறும் காலில் இறங்கியிருந்தது. மூன்றாவது வரிக்கு எதிரே அதன் கோடு செங்குத்தாக ஏறி, ஏற்றத்தின் நடுவில் சட்டென்று முடிந்திருந்தது. அந்த இடத்தில்தான் டயர் கடை. அங்கிருந்துதான் குட்டியின் சுருங்கின விரல்கள் வரைக்கும் ஒன்றரை மணி நேரம்.

இதைத் தவறு என்று எழுத வேண்டும். தன் கையால்.

பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. வெளியே வட்டப்பாதையில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சத்தம் நெருங்கி வந்து, தேய்ந்து, மறுபடி நெருங்கியது.

“என்னம்மா யோசனை? யாரு பூஜ்யம் வரைக்கும் ஓட்டப்போறா? பெட்ரோல் விளக்கு எரிஞ்சதும் பங்க்குல விட்டுடுவாங்க.”

பங்க்கில் நின்ற ஆறு வண்டிகளும் அவள் கண்ணில் வந்து நின்றன. அவள் பேனாவை மூடினாள். மூடி ‘டக்’கென்று விழுந்த சத்தம் அறைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. கோப்பின் மேல் பேனாவை வைத்து, இரண்டையும் அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

“இருக்கட்டும் சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எது இருக்கட்டும்? டிரான்ஸ்ஃபரா?”

அவள் எழுந்தாள். மாற்றல் தாளில் இருந்த தன் பேரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், தெருவில் போகும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல.

“அந்த மூணு ஓட்டமும். அப்படியே.”