ஒஸோகினின் மகன்

குண்டு பாய்ந்த கணவரின் வயிற்றை ரெவெக்கா இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. கௌனஸ் நகரத்து சோவியத் தூதரகத்தின் வாசற்படியில் கறுப்புக் கோட்டும் டையுமாகக் கிடந்தார் அவர், தூதர் நவும் பெர்கின். இருபது வயதில் ஜாரின் கவர்னர் மேல் குண்டு வீசியவர். சைபீரியாவில் பூட்டிய விலங்கின் தழும்பு மணிக்கட்டில் இன்னும் இருந்தது. டை கட்டக் கற்றதே நாற்பது வயதில்தான்.

நாலு படி கீழே, சுட்டவனைக் காவலர்கள் இருவர் துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அடிக்கு நடுவிலும் கத்தினான்.

"எங்கப்பன் பேரச் சொல்லுடா! கொன்னியே, பேரச் சொல்லு!"

நவும் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். "யாரோட அப்பா, ரீவா?"

"பேசாத. டாக்டர் வந்துட்டிருக்கார்."

"கேளு."

அவள் திரும்பிக் கத்தினாள். "நிறுத்துங்கடா! ஏய், உங்கப்பா பேரு என்ன?"

அவன் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். "ஒஸோகின். மாட்டு வைத்தியர் ஒஸோகின்."

நவும் யோசித்தார். ஆறு வருடத்துக்கு முன், வோல்கா கரையில், புரட்சி நீதிமன்றத்தின் தலைவராக அவர் கையெழுத்துப் போட்ட மரண தண்டனைப் பட்டியல்களில் சில நாள் நாற்பது பேர்கூட இருந்தார்கள்.

"ஞாபகம் வரலியே. நான்தானா?"

அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்தவள் ரெவெக்கா. ஒஸோகினை அவளுக்குத் தெரியும். சுவரோரம் நிறுத்தியபோது கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த நொடி கண்ணாடியோடு முகம் சிதறியது. அவள் ஜன்னலில் நின்றிருந்தாள்.

"நீ இல்ல," என்றாள். "ஆள் தெரியாம சுட்டுட்டான்."

"பாவம்," என்றார் நவும். வாயில் ரத்தம் பொங்கி வழிந்தது. அவள் கைக்கடியில் வயிறு அசையாமல் நின்றது.

"பொய்!" என்று கீழேயிருந்து அலறினான் அவன். துப்பாக்கிக் கட்டை தாடையில் இறங்கியது. அதன்பின் அவனுக்குப் பேச்சு எழவில்லை. ரெவெக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உள்ளூர்ப் போலீஸ் அவனைத் தரதரவென்று இழுத்துப் போனது. செயலாளர் பிளெத்னியோவ் குறிப்பேட்டோடு வந்து நின்றார்.

"ரெவெக்கா மார்க்கோவ்னா, மாஸ்கோவுக்குத் தந்தி கொடுக்கணும். தோழர் கடைசியா என்ன சொன்னாரு?"

"பாவம்னாரு."

"யாரச் சொன்னாரு?"

அவள் நவுமின் வாயோர ரத்தத்தைத் துடைத்தாள். அவர் கொஞ்சம் நின்றார். பிறகு உலகத் தொழிலாளர்கள் என்று தொடங்கி நீளமாக ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

நவுமின் ஒரு ஷூ கழன்று கடைசிப் படியில் கிடந்தது. எடுத்து வந்து மாட்டிப் பார்த்தாள். குதிகால் இறங்கவில்லை.

"ஒரு ஸ்பூன் கொண்டாங்க," என்றாள் காவலனிடம்.

கொண்டுவந்தான். ஸ்பூனை வைத்து நெம்பிக் காலை உள்ளே இறக்கினாள். நாடாவை இறுக்காமல் முடிச்சுப் போட்டாள். பிறகு மற்ற ஷூவின் நாடாவையும் அவிழ்த்து, அதே அளவுக்குத் தளர்த்திக் கட்டினாள்.