தாங்கும்

நகரத்தின் பழைய பாலத்தைச் சோதிக்கும் பொறியாளர் பதினோரு வருடமாக அறிக்கையில் ஒரே சொல்லைத்தான் எழுதிவந்தார்: தாங்கும். இந்த வருடம் சுத்தியலால் தட்டிய இடமெல்லாம் காலி டப்பா போல ஒலித்தது. சொல்லை மாற்றினால் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். இரண்டு வருடம் வண்டி வராது. பாலத்து முனையில் டயர் கடை வைத்திருக்கும் தம்பியின் பிழைப்பு படுத்துவிடும்.

“இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு எழுதுண்ணா. பேனா தேஞ்சா போயிடும்?”

“உன் பொண்ணோட ஸ்கூல் வேன் இது மேலதானே போகுது?”

“அவளை அப்பவே சுத்து வழி வேனுக்கு மாத்திட்டேனே,” என்ற தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“எப்போ?”

“போன மழைக்கு.”

பொறியாளர் படிவத்தை வண்டி சீட்டின் மேல் வைத்து, தாங்காது என்று எழுதினார். கீழே விழுந்த பேனா மூடியைத் தம்பிதான் எடுத்துக் கொடுத்தான்.