வரியில்லாத உப்பு

சாந்தோமுக்குத் தெற்கே, கடலோரக் குப்பத்தில் சர்க்கார் ஒரு கருவாட்டுக் கொட்டகை கட்டி வேலி போட்டிருந்தது. வேலிக்குள் வைத்து மீனுக்குப் போடும் உப்புக்கு வரி கிடையாது. அதிலே ஒரு சிட்டிகை வேலியைத் தாண்டினால் திருட்டு. கொடுக்கிற கையே கழுத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது என்று வையுங்கள். ஆனாலும் கெங்கம்மாவின் பிழைப்பு அந்த வேலிக்குள்தான். மழைக்காலத்தில் கட்டுமரம் இறங்காத நாட்களில் அவள் அடுப்பு எரிந்தது கருவாட்டால். வரி கட்டிய கடை உப்பை வாங்கிப் போட்டால் உப்பு விலைகூடத் தேறாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் சர்க்காருக்கே கஷ்டகாலம் வந்தது. சம்பளத்தில் வெட்டு, ஆள் குறைப்பு என்று ஆரம்பித்து, கொட்டகையையும் மூடப்போகிறார்கள் என்ற பேச்சு குப்பம்வரை எட்டியது.

ஏன் மூட வேண்டும்? கெங்கம்மாவுக்குப் பளிச்சென்று ஒரு காரணம் தோன்றியது. போன வருஷம்தான் ஊரெல்லாம் வரியை எதிர்த்து உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போயிருந்தார்கள்.

"நாம உப்பைத் திருடி வெளியே விக்கறோம்னு அவங்களுக்கு சந்தேகம் வந்துகீது. அதான் கோவம்," என்றாள்.

"அதுக்கு இன்னா பண்ணலாங்கற?" என்றாள் பக்கத்தில் மீன் கீறிக்கொண்டிருந்த முத்தம்மா.

"உப்பைக் கம்மியா வாங்குவோம். பழைய தொட்டி உப்புத் தண்ணியிலயே மறுபடி ஊறப் போடுவோம். திருடலன்னு தெரிஞ்சா வுட்ருவாங்க."

எல்லாருக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்போது மனுஷருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஒற்றுமை வருமோ! அந்த மழைக்காலம் முழுக்கக் கருவாடு லேசாக நாறியது. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கெங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு விற்றாள்.

மாசியில் உப்பு இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் குடையை மடிப்பதற்குள் கெங்கம்மா முன்னால் போய் நின்றாள்.

"பாத்தீங்களா சாமி, எம்மாங் கொஞ்சமா உப்பு எடுத்துக்கீறோம்!"

"பாத்தேம்மா," என்றார் அவர். நல்ல மனுஷர்தான், குரலில் கோபமே இல்லை. "அதனாலதான் மூடறோம். உப்பே செலவாகாத எடத்துக்குச் சேவகனும் காவலும் எதுக்கு? நெறைய எடுக்கற கொட்டகையெல்லாம் அப்படியே இருக்கப் போறது."

"ஐயோ சாமி, அது பழைய தண்ணியில..."

"மேலே எழுதி அனுப்பியாச்சும்மா."

அன்று கெங்கம்மா முத்தம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனாள்.

கொட்டகையைப் பூட்டிய மறுவாரம் கடை உப்பில் போட்ட கருவாட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு சாந்தோம் தெருவுக்குள் போனாள். அவளுடைய பழைய வாடிக்கைக்காரி மர்சலின் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் இறைச்சி கிடையாது. வருஷா வருஷம் கருவாடுதான். புருஷன் ராஜநாயகம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். புது விலையைக் கேட்டதும் மர்சலின் கையிலெடுத்த வாளைக் கருவாட்டைத் திரும்பக் கூடையிலேயே வைத்தாள்.

"இந்த வருஷம் பருப்போட சரி, கெங்கம்மா. பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் குடுக்கற பணத்தைக் கொறைச்சிட்டாங்க. அவருக்குச் சம்பளத்துல புடிச்சிட்டாங்க."

கெங்கம்மா கூடையைத் தூக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"வாத்தியாரு எங்களாட்டம் எதைம்மா மிச்சம் புடிச்சாரு?"