நீலப் பென்சில் அடித்த இரண்டு வரி

பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தைக்கூட இருபது வயதுப் பொடியன் ஒருவன் படித்துப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும் என்பது சார்ஜென்ட் மாஸி டூஹிக்கு எரிச்சலாக இருந்தது. ராணுவச் சட்டம் அப்படி. அந்தப் பொடியன்தான் அவனுடைய லெப்டினன்ட், ஃபின்டன் ஹாக்கெட். இருவருக்கும் அயர்லாந்தின் தர்லஸ் ஊரில் ஒரே தெரு.

நிமிர்ந்தால் தலை இடிக்கும் பதுங்குகுழி. ஃபின்டன் மாஸியின் கடிதத்தில் நீலப் பென்சிலால் இரண்டு வரிகளை அழுத்தி அடித்தான்.

"இதுல என்ன சார் ரகசியம்? பீரங்கி எங்க நிக்குதுன்னா எழுதிட்டேன்?"

"என் லீவைப் பத்தி உன் பொண்டாட்டிக்கு எதுக்கு எழுதுற?"

"நோனி உங்கம்மாகிட்ட சொல்லட்டும்னுதான். கிடைச்ச லீவை எவனுக்கோ தூக்கிக் குடுத்திருக்கீங்க. கிறுக்கா உங்களுக்கு?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? அயர்லாந்து விடுதலைக்குன்னு நடந்த ஈஸ்டர் கலகத்துல சேர்ந்துட்டு அண்ணன் இங்கிலீஷ்காரன் ஜெயில்ல கிடக்கான். நான் இங்கிலீஷ்காரன் சட்டையோட போய் நிக்கணுமா? அப்பா கதவைச் சாத்திடுவாரு."

"அம்மா?"

ஃபின்டன் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினான். முன்னால் ஜெர்மன்காரன், பின்னால் சொந்த ஊர். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம்தான் போவான்? மாஸிக்குப் பாவமாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

விட்டிருக்கக் கூடாது.

லீவில் ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் கொதிக்கும்போது குண்டு விழுந்தது. கூரை மரங்களோடு மண் சரிந்து ஃபின்டனை அமுக்கிவிட்டது. மாஸி வெறுங்கையால் தோண்டினான். முகம் வெளியே வந்தபோது உயிர் இல்லை. அவன் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிப் புதைத்தார்கள்.

வியாழக்கிழமை நோனியின் கடிதம் வந்தது.

"அந்த நீலக் கோட்டுக்கு அடியில என்ன எழுதியிருந்தே? ஹாக்கெட் அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்துச்சு. என் புள்ளையப் பத்தித்தான் இருக்கும்னு ஒரே அழுகை. தினம் ரயில் வர்ற நேரத்துக்கு ஸ்டேஷன்ல போய் நிக்குது. எந்தச் சட்டையில வந்தா என்ன, அவங்கப்பா கதவைச் சாத்தினா நம்ம வீட்டுல வச்சு ரொட்டி சுட்டுப் போடுறேன், வரச் சொல்லுங்குது. சொல்லிடு."

தந்தி இந்நேரம் அந்தத் தெருவுக்குப் போயிருக்கும். அந்த இரண்டு வரியும் மாஸிக்கு மனப்பாடம். 'லீவு இருந்தும் பையன் வரமாட்டேங்கிறான். அம்மாவை ஒரு வார்த்தை எழுதிக் கூப்பிடச் சொல்லு.' இதை இனி அந்தத் தாயிடம் யார் சொல்வது? மாஸி நோனிக்குப் பதில் எழுத உட்கார்ந்தான். எழுதி முடித்து, ஒட்டாமல் புது லெப்டினன்டிடம் நீட்டினான்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீலக் கோட்டுக்கு அடியில பீரங்கி நிக்கிற இடத்தை எழுதியிருந்தேன், அதான் அடிச்சுட்டாங்கன்னு போட்டிருக்கே. சார்ஜென்டா இருந்துக்கிட்டு, அறிவிருக்கா உனக்கு?"

"இல்ல சார்," என்றான் மாஸி. "ஒட்டிடுங்க."